யாருடைய குதிரை?

(‘தற்பெருமைப் பேச்சில் பெருந்தீங்கு தருவது இருப்பதை ஊதிப் பெருக்குவதா? இல்லாததை இருப்பதாகக் காட்டுவதா?’ என்ற பட்டிமன்றத்தில், இரண்டாம் அணியின் தலைவராக நின்று பேசியது.)



தற்பெருமையைப் பற்றிப் பேச ஒரு பேராசிரியரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பொருத்தமான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள்! சற்று முன்னால் அந்தத் தம்பி என்னைப் பற்றி ஒரு பக்கம் வாசித்தாரே, ‘முனைவர், ஆராய்ச்சி அறிஞர், நாவலர்’ என்றெல்லாம், அதை எழுதிக் கொடுத்ததே நான்தான். (சிரிப்பு) சிரிக்காதீங்க. எதிரணித் தலைவி அம்மாவும் எழுதித்தான் கொடுத்தாங்க. என்னுடையதைவிட அரைப்பக்கம் கூடவே இருந்தது.

அம்மா அருமையாக வாதாடினாங்க. “கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவேன்னு சொன்னா, சிரிச்சிட்டுப் போயிடலாம். கையில் பலம் உள்ளவன் ஜம்பம் அடிச்சாத்தான் ஊர் பற்றி எரியும். ஆகவே இருப்பதை ஊதிப் பெருக்குவதுதான் பெருந்தீங்கு” என்று முடித்தாங்க. கைதட்டலும் வாங்கிட்டாங்க. அந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தமிழில் வெற்றுப் பெருமைப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. சவடால், ஜம்பம், பீற்றல், தம்பட்டம், வாய்ப்பந்தல் என்று வரிசையாகச் சொல்லலாம். தம்பட்டம் என்பது தோல் வாத்தியம். தன் பெருமையைத் தானே அதில் அடித்துக்கொள்கிறான். எல்லாமே வைகிற சொற்கள்தானா என்றால், இல்லை. நம் இலக்கணம் இதில் ஒரு நுட்பம் வைத்திருக்கிறது. போர்க்களத்துக்குப் போகிற வீரன் அரசன் முன்னால் தன் ஆற்றலைத் தானே எடுத்துச் சொல்வதற்குப் புறப்பொருள் வெண்பாமாலை ‘நெடுமொழி கூறல்’ என்று துறையே வகுத்திருக்கிறது. அது குற்றம் இல்லை, வீரம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இப்போது கடல் தாண்டி ஆங்கிலத்துக்குப் போவோம். அங்கே இரண்டு சொற்கள். ஒன்று ராடமண்டேட். இன்னொன்று பிராகடோசியோ. பேரைக் கேட்டா ஏதோ ஹோட்டல் பலகாரம் மாதிரி இருக்கு இல்லையா? அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் போட்டிருக்கும்: வெற்று ஜம்பம், வீண் தற்பெருமை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாம் என்பது போல இருக்கும். நான் சொல்கிறேன், போட முடியாது. இரண்டும் இரண்டு ஆட்களின் பெயரிலிருந்து வந்தவை. அந்த இரண்டு ஆட்களும் இன்றைய நம் இரண்டு அணிகள் மாதிரி. ஒருவன் இருப்பதை ஊதியவன். மற்றவன் இல்லாததைக் காட்டியவன்.

முதலில் எதிரணியின் ஆளைப் பார்ப்போம். அவன் பெயர் ரோடமோந்தே. பிறந்த இடம் இத்தாலி. பெற்ற தகப்பன் ஒரு கவிஞர், மத்தேயோ பொயார்டோ. ஸ்காண்டியானோ என்ற ஊரின் பிரபு அவர். ஆர்லாண்டோ என்ற மாவீரனின் காதலைப் பற்றி ஒரு நீண்ட காவியம் பாடினார். அதன் முதல் இரண்டு பாகங்கள் 1483இல் அச்சேறின. கிறிஸ்தவப் பேரரசன் சார்லமேனை எதிர்த்து வருகிற அல்ஜியர்ஸ் அரசனுக்கு அந்தக் காவியத்தில் ஒரு பெயர் தேவைப்பட்டது. பல நாள் யோசித்து ‘ரோடமோந்தே’ என்ற பெயர் மனத்தில் பளிச்சிட்டதும், அந்த மகிழ்ச்சியில் ஊர்க் கோயில் மணிகளை எல்லாம் அடிக்கச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. நிஜமோ இல்லையோ, பெயர் அப்படிப்பட்டது. ‘மலையை உருட்டுகிறவன்’ என்பது அதன் பொருள்.

பொயார்டோ காவியத்தை முடிக்கவில்லை. 1494இல் பிரெஞ்சுப் படை இத்தாலிக்குள் நுழைந்தது. அந்த ஆண்டிலேயே அவரும் காலமானார். விட்ட இடத்திலிருந்து கதையைப் பிடித்தவர் ஃபெராரா நகரத்துக் கவிஞர் லூடவிகோ அரியோஸ்டோ. அவருடைய காவியம் 1516இல் முதலில் வந்தது. விரிவாக்கப்பட்ட பதிப்பு 1532இல் வந்தது. ரோடமோந்தே முழு உயரத்துக்கு எழுந்து நிற்பது அதில்தான்.

எப்படிப்பட்டவன் தெரியுமா? வானத்தைத் தொடக் கோபுரம் கட்டினானே நிம்ரோத், அவன் வம்சம். போர்த்தியிருப்பது பாம்புத்தோல் மாதிரியான டிராகன் தோல். பாரிஸ் நகர முற்றுகையில் எல்லோரும் ஏணி வைத்து ஏறிக்கொண்டிருக்க, இவன் மதிலையும் அகழியையும் தாண்டித் தன்னந்தனியாக நகரத்துக்குள் குதிக்கிறான். ஒற்றை ஆளாக நகரத்தையே கலக்கிவிட்டு, சுற்றி வளைத்ததும் சேன் நதியில் குதித்து, கவசத்தோடு நீந்திக் கரையேறிப் போகிறான். வாய் திறந்தால் ஜம்பம்தான். ஆனால் சொன்னதைச் செய்கிற கை அவனுக்கு இருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிராடமாண்டே என்ற வீராங்கனை ஒருமுறை அவனைக் குதிரையிலிருந்து தள்ளி வீழ்த்திவிடுகிறாள். அவமானம் தாங்காமல், ஓர் ஆண்டு, ஒரு மாதம், ஒரு நாள் ஆயுதம் தொடமாட்டேன் என்று சபதம் செய்து ஒரு குகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். அத்தனை நாளும் உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் குறைக்கவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்ட ஜம்பக்காரனை நான் இவன் ஒருவனிடம்தான் பார்க்கிறேன்.

அம்மா இப்ப சந்தோஷமா தலையாட்டறாங்க. “பலசாலி ஜம்பத்தால ஊர் எரியும்னு நான் சொன்னது சரியாப் போச்சு” என்று. எரிந்ததும் உண்மை, மறைக்க மாட்டேன். இசபெல்லா என்று ஒரு பெண். காதலனைப் பறிகொடுத்துவிட்டுத் துறவு வாழ்க்கைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். வழியில் ரோடமோந்தே அவளைப் பார்த்து, வலுவில் அடைய நினைக்கிறான். துணைக்கு வந்த துறவியைத் தூக்கி எறிந்துவிட்டான். தப்பிக்க வழியில்லை. அவள் ஒரு தந்திரம் செய்தாள். “எனக்கு ஒரு மூலிகை தெரியும். அதன் சாற்றைப் பூசிக்கொண்டால் எந்த இரும்பும் உடம்பைத் தொடாது. உனக்கு அதைச் செய்து தருகிறேன், என்னை விட்டுவிடு” என்றாள். எவராலும் வெட்ட முடியாத உடம்பு என்றதும் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. சாறு காய்ச்சினாள். குடித்துவிட்டுப் போதையில் இருந்த அவனிடம், தன் கழுத்தில் சாற்றைப் பூசிக் காட்டி, “நம்பிக்கை இல்லாவிட்டால் முதலில் என்மேலேயே வெட்டிப் பார்” என்றாள். வெட்டினான். தலை உருண்டது. தன் மானத்தைக் காத்துக்கொள்ள அவள் தேர்ந்தெடுத்த வழி அது. வெல்ல முடியாதவன் என்ற பெருமையின் ஆசையே அவன் கண்ணைக் கட்டியது. பிறகு அழுது புலம்பி, அவளுக்கு ஒரு பெரிய கல்லறை எழுப்பினான்.

கடைசியில் ருஜ்ஜேரோ என்ற வீரனின் திருமண விருந்தில் வந்து சண்டைக்கு அழைத்து, அங்கேயே செத்தான். அவன் சாவோடு அரியோஸ்டோவின் காவியமும் முடிகிறது.

இப்போது ஒரு கேள்வி. இவ்வளவு நிஜமான பலசாலியின் பெயர் எப்படி ‘வெற்றுப் பேச்சு’ என்று ஆயிற்று? அதற்குக் காவியத்துக்கு வெளியே வந்து வரலாற்றைப் பார்க்க வேண்டும். அரியோஸ்டோ வாழ்ந்த காலம் பீரங்கிக் காலம். 1512இல் ராவென்னா என்ற இடத்தில் ஒரு பெரும்போர் நடந்தது. அரியோஸ்டோ யாரிடம் வேலை பார்த்தாரோ, அந்த எஸ்தே குடும்பத்தின் பிரபு அல்ஃபோன்சோவின் பீரங்கிகள் அதில் ஆட்களை வரிசை வரிசையாகச் சாய்த்தன. செத்தவர்கள் கிடந்த அந்தக் களத்தை அரியோஸ்டோ கண்ணால் பார்த்தவர். தன் காவியத்தில் துப்பாக்கியைப் பிடுங்கிக் கடலில் எறிகிற மாதிரி ஒரு காட்சியே வைத்தார். கடலில் எறிந்தால் போய்விடுமா? ஒற்றை ஆளாக மதில் தாண்டுகிற வீரத்துக்கு அன்றோடு மதிப்புப் போயிற்று. ‘மலையை உருட்டுவேன்’ என்றால், ‘எங்கே, இந்தக் குண்டை உருட்டு பார்க்கலாம்’ என்கிற காலம் வந்துவிட்டது.

அடுத்து இன்னொன்று. 16ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸும் மிலானும் ஸ்பெயின் அரசரின் ஆட்சிக்குள் போயின. தெருவில் மீசையை முறுக்கிக்கொண்டு ஸ்பானியச் சிப்பாய் நடக்கிறான். பகலில் அவனை எதிர்த்துப் பேச முடியாது. ஆகவே சாயங்காலம் நாடகக் கொட்டகையில் பேசினார்கள். இத்தாலிய நாடகங்களில் ‘கேப்டன்’ என்று ஒரு வேஷம் வரும். நூறு பேரைக் கொன்றேன் என்பான், குச்சியைக் காட்டினால் ஓடுவான். பல நாடகங்களில் அவன் ஸ்பானியன். பிரான்சிலும் இதே சிரிப்பு பரவியது. பிராந்தோம் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்பானியர்களின் ‘ரோடமோந்தே பேச்சுகளை’த் தொகுத்து ஒரு நூலே எழுதினார். அந்தப் பிரெஞ்சுச் சொல்தான் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் ராடமண்டேட் என்று வந்தது. அதாவது, அந்தப் பெயர் வெறுமையானது மேடையிலும் தெருவிலும்தான். காவியத்துக்குள் இருந்த ரோடமோந்தே வெறும் ஆள் இல்லை.

இப்போது என் அணியின் ஆளுக்கு வருகிறேன். பெயர் பிராகடோசியோ. பெற்றவர் எட்மண்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலக் கவிஞர். ‘ஃபேரி குயின்’, தேவதை அரசி, என்ற காவியத்தின் முதல் மூன்று பாகங்கள் 1590இல் வந்தன. இரண்டாம் பாகத்தில் இந்த ஆள் வருகிறான். முதலில் பெயரைக் கவனியுங்கள். ‘பிராக்’ என்றால் ஆங்கிலத்தில் ஜம்பம் அடிப்பது. அதற்குப் பின்னால் இத்தாலிய மொழியின் வால் ஒன்றை ஒட்டவைத்தார் ஸ்பென்சர். கேட்டால் இத்தாலியச் சொல் மாதிரி இருக்கும். இத்தாலியரிடம் கேட்டால், ‘எங்க ஊர்ச் சொல் இல்லையே’ என்பார். உடம்பு உள்ளூர், சட்டை இரவல். ஆளும் அப்படித்தான்!

கையோன் என்று ஒரு நல்ல வீரன். காட்டு வழியில் ஒரு பெண்ணின் அழுகுரல் கேட்கிறது. குதிரையையும் ஈட்டியையும் விட்டுவிட்டு ஓடுகிறான். அங்கே ஒரு தாய் செத்துக்கொண்டிருக்கிறாள், மடியில் பச்சைக் குழந்தை. அவளுடைய கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்து, குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறான். குதிரையைக் காணோம். செத்துக்கொண்டிருந்தவளுக்கு அவன் உதவப் போன நேரத்தில், பிராகடோசியோ அதில் ஏறிக்கொண்டு போய்விட்டான்.

குதிரை கிடைத்தது, ஈட்டி கிடைத்தது. அதனால் வீரன் ஆகிவிட்டான்! எதிரில் வந்த முதல் ஆளை மிரட்டியே வேலைக்காரனாக வைத்துக்கொண்டான். ஒருவர் கேட்கிறார், “என்னப்பா, எல்லாம் இருக்கு, இடுப்பில் வாளைக் காணோமே?” நம்ம ஆளு யோசிக்கவே இல்லை. “ஒரே வாளால் ஏழு வீரர்களை வெட்டிச் சாய்த்தேன். உலகத்திலேயே உயர்ந்த வீரனின் வாளைத் தவிர வேறு வாளை இனி ஏந்துவதில்லை என்று அன்றைக்கே சபதம்” என்கிறான். (சிரிப்பு) வாள் இல்லாததையே பெருமை ஆக்கிவிட்டான் பார்த்தீர்களா? ரோடமோந்தேயும் ஆயுதம் தொடமாட்டேன் என்றுதான் சபதம் செய்தான். அவனுடையது தோற்றதற்குத் தண்டனை. இவனுடையது இல்லாததற்குச் சமாதானம்.

கொஞ்ச தூரம் போனதும் காட்டில் ஏதோ சத்தம். குதிரையிலிருந்து இறங்கிப் புதருக்குள் போய் ஒளிந்துகொண்டான். வந்தது பெல்ஃபீபி என்ற வேட்டைக்காரப் பெண். புதர் அசைவதைப் பார்த்து மிருகம் என்று நினைத்து ஈட்டியை ஓங்கினாள். வேலைக்காரன் கெஞ்சித் தடுத்தான். நம் வீரர் கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து வெளியே வந்தார். கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து. இந்தக் காட்சியையும் நினைவில் வையுங்கள்.

1596இல் வந்த ஐந்தாம் பாகத்தில் சாயம் வெளுக்கிறது. ஒரு கல்யாணத்தை ஒட்டிய வீர விளையாட்டில் ஆர்ட்டிகால் என்ற நீதிமான், இவனுடைய கேடயத்தை வாங்கி மாட்டிக்கொண்டு போராடி வெல்கிறான். பரிசு கொடுக்கிற நேரத்தில் இவன் முன்னால் வந்து, ‘வென்றது நான்தான்’ என்கிறான். ஆர்ட்டிகால் எழுந்து உண்மையைப் போட்டு உடைக்கிறான். அங்கே கையோனும் இருக்கிறான். “அந்தக் குதிரை என்னுடையது” என்கிறான். சாட்சி? “அதன் வாய்க்குள் லாட வடிவத்தில் ஒரு கருப்பு மச்சம் இருக்கும்.” பார்க்கப் போனவர்களைக் குதிரை கடித்தது, உதைத்தது. வாயைத் திறக்கவே விடவில்லை. கையோன் “பிரிகடோர்” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவ்வளவுதான். கட்டை அறுத்துக்கொண்டு, துள்ளிக்கொண்டு, எஜமானன் பின்னால் வந்துவிட்டது. பிராகடோசியோவின் தாடியை மழித்து, வாளை ஒடித்து, கேடயத்தைத் தலைகீழாகப் பிடித்து விரட்டி அடித்தார்கள்.

நடுவர் அவர்களே, இப்போது இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருவன் தன் கையில் இருந்த பலத்துக்கு மேலே பேசினான். மற்றவன் அடுத்தவன் கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு பேசினான். ராடமண்டேட் என்றால் அளவு மீறியது. பிராகடோசியோ என்றால் உரிமை மீறியது. அகராதி இரண்டையும் ஒரே படியில் அளந்துவிட்டது. நம் பவணந்தி முனிவர் அப்படி அளக்கவில்லை. நன்னூலில், புலவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளலாம் என்று நான்கு இடங்களுக்கு அனுமதி கொடுக்கிறார். அரசனுடைய அவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில், சபையில் வாதாடி வெல்ல வேண்டிய நேரத்தில், எதிரி தன்னைப் பழித்த நேரத்தில். நான்கிலும் பேச்சு எதைப் பற்றி? தன் ஆற்றலைப் பற்றி. நெடுமொழி கூறுகிற வீரனுக்கும் அப்படித்தான். அடுத்தவன் ஆற்றலைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஐந்தாவதாக ஓர் இடம் எந்த இலக்கணத்திலும் இல்லை.

“எல்லாம் சரி, பிராகடோசியோ யாரையாவது கொன்றானா? ஒரு குதிரையைத் திருடினான், சிரிச்சாங்க, போயிட்டான். இசபெல்லா உயிர் போச்சே?” என்று அம்மா கேட்பாங்க. கேட்கத்தான் வேண்டும். காவியத்துக்குள் பார்த்தால் அவங்க சொல்வது சரி. காவியத்தை எழுதியவரின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கதை வேறு.

ஸ்பென்சர் 1580இல் அயர்லாந்துக்குப் போனார். ஆங்கில அரசின் பிரதிநிதியாகப் போன லார்ட் கிரேவுக்குச் செயலாளர் வேலை. அயர்லாந்தின் தென்பகுதி மன்ஸ்டர். அங்கே டெஸ்மண்ட் பிரபுவின் கலகம் 1579இல் தொடங்கி 1583இல் அடக்கப்பட்டது. அடக்கியது எப்படி? பயிரை எரித்தார்கள், மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பஞ்சம் வந்தது. ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பிறகு கலகக்காரர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்து, இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். அதில் கில்கோல்மன் என்ற கோட்டையும், சுமார் 3,000 ஏக்கர் நிலமும் ஸ்பென்சருக்கு வந்தன. பிராகடோசியோ வருகிற காவியத்தை அவர் அச்சுக்குக் கொண்டுபோனது அந்த வீட்டிலிருந்துதான். 1589இல், அதாவது காவியம் அச்சேறுவதற்கு முந்தைய ஆண்டு, பக்கத்து நிலத்துக்காரர் லார்ட் ரோச் ஒரு புகார் கொடுத்தார். எதற்கு? உரிமை இல்லாத நிலத்துக்கு ஸ்பென்சர் உரிமை கொண்டாடுகிறார் என்று!

அடுத்தவன் குதிரையில் ஏறியவனைப் பார்த்து உலகம் சிரிக்கும்படி எழுதினவர், எந்த நிலத்தின்மேல் உட்கார்ந்து எழுதினார் பாருங்கள்.

இன்னும் முடியவில்லை. 1596 வாக்கில் அவர் அயர்லாந்தின் நிலைமை பற்றி ஓர் உரைநடை நூல் எழுதினார். அது அவர் காலமான பிறகு, 1633இல்தான் அச்சில் வந்தது. மன்ஸ்டர் பஞ்சத்தை அதில் விவரிக்கிறார். காடுகளிலிருந்து மக்கள், கால் தாங்காததால், கையை ஊன்றித் தவழ்ந்து வெளியே வந்ததை எழுதுகிறார். நினைவிருக்கிறதா? பிராகடோசியோ புதருக்குள்ளிருந்து தவழ்ந்து வந்தபோது நாம் சிரித்தோம். அதே பேனாதான் இதையும் எழுதியது. அவருக்கு இரக்கம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை எதற்காக எடுத்துக் காட்டினார்? இந்த வழியில் போனால் கலகம் சீக்கிரம் அடங்கும் என்பதற்கு. இந்த ஜனங்களுக்கு ஒழுங்கு தெரியாது, நிலம் சும்மா கிடக்கிறது, நாகரிகத்தைக் கொண்டுவர வந்தவர்கள் நாங்கள் என்பதுதான் அந்தக் குடியேற்றத்தின் பேச்சு. ஆள் இருக்கிற நிலத்தைச் சும்மா கிடக்கிற நிலம் என்றார்கள். இல்லாத உரிமையை இருப்பதாகக் காட்டினார்கள்.

அம்மா, இதுதான் என் பதில். ரோடமோந்தே வெட்டினால் ரத்தம் தெரியும். வெட்டினவனுக்கே தெரிந்தது. அழுதான், கல்லறை கட்டினான். பிராகடோசியோத்தனம் செய்கிறவனுக்குத் தான் செய்தது தெரிவதில்லை. கொஞ்ச நாள் ஏறிப் பழகிவிட்டால் குதிரை தன்னுடையது என்றே நம்பிவிடுகிறான். ஸ்பென்சர் கெட்ட மனிதர் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பொய்ப் பெருமையை அவ்வளவு கூர்மையாகப் பார்த்த கண்ணுக்கே தன் காலடி மண் தெரியவில்லை என்கிறேன். குதிரைக்காவது பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு கையோன் வந்தான். பசியில் செத்துப்போன குடியானவன் வந்து நிலத்தை எப்படிக் கூப்பிடுவான்? 1598இல் மறுபடியும் கலகம் வெடித்து, கில்கோல்மன் தீக்கிரையாயிற்று. ஸ்பென்சர் குடும்பத்தோடு தப்பி ஓடினார். 1599 ஜனவரியில் லண்டனில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், கவிஞர் சாசரின் சமாதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள்.

ஊர்க்கதை பேசியாயிற்று. என் கதையையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். முப்பது வயதுக்குள் இருந்த நேரம். சொந்த ஊர்க் கோயில் திருவிழாவில் கம்பன் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். கும்பகருணனை எடுத்துக்கொண்டேன். “போர் வந்துவிட்டதா, சானகியின் துயரம் இன்னும் தீரவில்லையா என்று கேட்கிறான். தூங்கினவனுக்குத் தெரிஞ்சது, முழிச்சிட்டிருந்த அண்ணனுக்குத் தெரியலையே!” என்றேன். ஊரே கைதட்டியது. “இது என் ஆராய்ச்சியில் கண்டது” என்று ஒரு வார்த்தை சேர்த்தும் சொன்னேன்.

அது என் ஆராய்ச்சி இல்லை. ஒன்பதாம் வகுப்பில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் சொன்னது. ஊரில் அவரைப் ‘பெரிய வாத்தியார்’ என்போம். சொன்ன பிறகுதான் பார்க்கிறேன், முதல் வரிசையில், துவைத்து வெளுத்த வேட்டியோடு அவர் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரோடும் சேர்ந்து அவரும் கைதட்டுகிறார். கூட்டம் முடிந்ததும் வந்து தோளைத் தட்டி, “நல்லா சொன்னேப்பா” என்றார். அவ்வளவுதான். ‘அது நான் சொன்னதாச்சே’ என்று கேட்டிருந்தால் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருப்பேன். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம், அடுத்த விடுமுறையில் போய்ப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு நாள் தந்தி வந்தது. ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகும் பல மேடைகளில் அதைச் சொல்லியிருக்கிறேன். கைதட்டல் குறையவே இல்லை. சொல்லிச் சொல்லி, அது என்னுடையது என்றே எனக்குப் பழகிப்போயிற்று. ஆகவேதான் சொல்கிறேன், நடுவர் அவர்களே, இருப்பதை ஊதுகிறவனை ஒரு தோல்வி திருத்திவிடும். அவன் பலம் எவ்வளவு என்று எதிரி காட்டிவிடுவான். அடுத்தவனுடையதை எடுத்துக்கொண்டவனை யார் திருத்துவது? உடையவர் வாய் திறக்கவில்லை என்றால், அது அவனோடேயே இருந்துவிடும்.

கும்பகருணனைப் பற்றிய அந்த வார்த்தை பெரிய வாத்தியாருடையது. இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். இனி எந்த மேடையில் சொன்னாலும் அவர் பெயரோடுதான் சொல்வேன். வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளே, நீங்களும் எங்காவது ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினால், இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது இன்னார் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். அதனால் உங்கள் உயரம் குறைந்துவிடாது.

இல்லாததை இருப்பதாகக் காட்டுவதே பெருந்தீங்கு என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.